கோயிற்பற்றும் பிடியரிசியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலையை அறியாத ஈழத்தமிழர் அரியர். உப்புக் கடலின் ஓரத்திலே நன்னீர் சுரக்கும் கேணியும், ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செலுத்தத் திரளும் மக்களும், அருகே நகுலேஸ்வரமும், சற்றுத் தொலைவில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலும் அவ்வூரின் பெயரைச் சொன்னவுடனே நம் நினைவுக்கு வருவன. சைவ மணம் கமழும் இப்பகுதியின் பழைய காணி உறுதிகளை எடுத்துப் படிப்பவர்கள் ஒரு சொல்லைக் கண்டு வியப்படைவதுண்டு. நிலம் அமைந்துள்ள இடத்தைக் குறிக்கும்போது, ‘தெல்லிப்பழைக் கோயிற்பற்று’, ‘மயிலிட்டிக் கோயிற்பற்று’ என்று அவ்வுறுதிகள் கூறும். இங்கே கோயில் என்பது சிவன் கோவிலையோ முருகன் கோவிலையோ குறிப்பதன்று. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த கிறிஸ்தவ தேவாலயத்தையே குறிப்பதாகும். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பு கோயிற்பற்று எனப்பட்டது. தேவாலயம் இடிந்துபோன பின்னரும், அதைச் சூழ்ந்திருந்தோர் சைவராகவே வாழ்ந்த காலத்தும், அந்த எல்லைப் பெயர் மட்டும் உறுதிகளிலே நிலைத்துவிட்டது.

நேயர்களே! எல்லை நிலைத்தது, சபை நிலைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, யாழ்ப்பாணத்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் சிறு கிராமக் கோவில்கள் வாழ்ந்த வாழ்க்கையை நோக்குவோம். இன்று இலங்கை மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிற்கும் குறைந்த தொகையினரே இத்திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுள்ளும் யாழ்ப்பாணத்தார் ஒரு சிறு பகுதியினரே. அத்தகைய சிறுபான்மையோரின் சிற்றாலயங்கள் இரண்டு நூற்றாண்டுக் காலம் எவ்வாறு நின்று நிலைத்தன என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றி, வாசகசாலை, கூட்டுறவுச் சங்கம், ஊர்க்கோவில் என்று எந்தச் சிறிய பொதுநிலையத்தையும் பேணி வருவோர்க்கும் பயன்படும் செய்தியாகும்.

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்கள் குடாநாட்டைக் கோயிற்பற்றுக்களாக வகுத்தனர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்தபோது அக்கோவில்களைத் தம் சீர்திருத்தச் சமயத்துக்கு மாற்றிக்கொண்டனர். அவர்களுடன் வந்த பிலிப்பு பால்தேயு என்னும் பாதிரியார், 1672ஆம் ஆண்டு அச்சான தமது பெருநூலிலே தெல்லிப்பழை, அச்சுவேலி, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் தேவாலயங்களைப் படங்களோடு வருணித்துள்ளார். ஒவ்வொரு கோவிலின் பக்கத்திலும் ஒரு பாடசாலை இருந்தது. பாடசாலை ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிலே பதிந்தார். பிள்ளைகள் பாடசாலைக்கு வாராதொழிந்தால் பெற்றோர் தண்டம் இறுக்கவேண்டும். விவாகம் செல்லுபடியாவதற்கும், அரசாங்க உத்தியோகம் பெறுவதற்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. எனவே ஏட்டிலே கிறிஸ்தவர் தொகை பெருகிற்று. வீட்டிலே திருநீறும் தேவாரமும் மறைவாக வாழ்ந்தன.

1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. கட்டாயம் நீங்கியது. சில ஆண்டுகளுக்குள்ளே அந்தப் பெரிய அமைப்பு முழுவதும் சரிந்தது. 1806ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த குளோடியசு புக்கானன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், பழைய ஆலயங்கள் பாழடைந்து கிடந்ததையும், சீர்திருத்தச் சமயத்துக்கு இங்கே ஒரேயொரு போதகரே இருந்ததையும் எழுதி வைத்தார். அந்த ஒருவர் கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழர். தஞ்சையிலே தொண்டாற்றிய சுவார்ட்சு ஐயரின் மாணவர். 1824ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே ஈபர் அத்தியட்சர் இவருக்குக் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆசியர் என்று இவரைக் குறிப்பிடுவர். அரசின் ஆணையால் கட்டப்பட்ட கோவில்கள் பாழாய்க் கிடக்க, ஒரு தனிமனிதரின் உழைப்பு மட்டும் தொடர்ந்து நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று மிஷன் சங்கங்கள் யாழ்ப்பாணத்திலே பணி தொடங்கின. 1814ஆம் ஆண்டில் உவெசுலியன் மிஷனார் வந்தனர். 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய ஆலயங்களைப் புதுக்கி அமர்ந்தனர். தெல்லிப்பழையிலே டானியேல் பூவர் பாதிரியார் பாடசாலை தொடங்கியதும் அந்த ஆண்டிலேதான். ஆங்கிலிக்கன் சார்பில் 1818ஆம் ஆண்டு சேர்ச் மிஷன் சங்கத்தார் இலங்கைக்கு அனுப்பிய முதல் நால்வருள் ஒருவரான யோசேப்பு நைற் நல்லூரைத் தேர்ந்தார். ஒருவர் பணி செய்யும் ஊரில் மற்றொருவர் தலையிடலாகாது என்ற இணக்கத்தினால், கீரிமலையைச் சூழ்ந்த தெல்லிப்பழைப் பகுதி அமெரிக்க மிஷனுக்கு உரியதாயிற்று. நல்லூர், சுண்டுக்குளி, கோப்பாய் ஆகிய பகுதிகள் சேர்ச் மிஷனின் வயல்களாயின. ஆகவே வடகரையிற் கிறிஸ்தவர் இருந்தும் ஆங்கிலிக்கன் கோவில்கள் குடாநாட்டின் நடுப்பகுதியிலேயே திரண்டிருப்பதற்குக் கொள்கை வேற்றுமை காரணமன்று. இந்தப் பங்கீடே காரணம்.

நைற் பாதிரியார் 1823ஆம் ஆண்டில் நல்லூரிலே ஆங்கிலப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். அது பின்னர் சுண்டுக்குளிக்குப் பெயர்ந்து, 1891ஆம் ஆண்டில் பரியோவான் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. அவர் தொடங்கிவைத்த தமிழ் அகராதிப் பணி பல கைகள் மாறி, 1862ஆம் ஆண்டில் உவின்சுலோவின் பேரகராதியாக வெளிவந்தது. நல்லூர் முத்திரைச் சந்தையிலுள்ள புனித யாக்கோபு ஆலயம், பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இருந்த நிலத்திலே அமைந்ததென்று ஊரார் மரபாகக் கூறுவர். அந்த நினைவு சைவ மக்களுக்கு வருத்தமளிப்பது. அதை மறைத்து இவ்வரலாற்றைச் சொல்வது முறையாகாது. சேர்ச் மிஷனார் அதை இடித்தவர்கள் அல்லர். ஆயினும் இடித்தவர்கள் விட்டுச்சென்ற இடத்திலேதான் அவர்கள் குடியேறினர். அதே நூற்றாண்டில் உவெசுலியன் பாடசாலையிலே கற்று அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவத்தைத் தழைக்கச் செய்தார். கிராமத்துக் கிறிஸ்தவன் இனி எவ்விதக் கட்டாயத்தையும் காரணங்காட்ட முடியாது. ஒரே வளவில் அண்ணன் சைவனாகவும் தம்பி கிறிஸ்தவனாகவும் வாழ்ந்த வீடுகளிலே, அவனவன் தன் நம்பிக்கைக்குத் தானே பொறுப்பாளியானான். இங்கேதான் உண்மையான கிராமச் சபை பிறந்தது என்று கொள்ளலாம்.

இனி, இச்சபைகளின் நடைமுறையை ஆராய்வோம். ஆங்கிலிக்கன் முறைப்படி திருவிருந்தை நடத்துவதற்குக் குருவானவரே வேண்டும். காலைச் செபத்தையும் மாலைச் செபத்தையும் நடத்துவதற்கோ அதிகாரம் பெற்ற பொதுநிலையினர் ஒருவர் போதும். செபப் புத்தகத்திலே வழிபாட்டின் சொற்கள் யாவும் ஒழுங்காக அச்சிடப்பட்டிருப்பதால், குருவானவர் நல்லூரில் நிற்கும் வேளையில் வேறோர் ஊரின் சிறு கோவிலிலும் அதே மன்றாட்டு, அதே சங்கீதம், அதே வேதபாடம் ஒலிக்கும். இந்த ஏற்பாடு இல்லையேல், ஒரு குருவானவர் பல கோவில்களைக் கவனிப்பது இயலாத காரியம். முதல் ஞாயிறு இவ்வூரில் திருவிருந்து, இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊரில் என்று முறைவைத்துச் செல்வார்கள். மற்றைய ஞாயிறுகளில் உபதேசியாரே கோவிலைத் திறந்து மணியடித்து வழிபாட்டை நடத்துவார். தென்னாட்டிலே, திருநெல்வேலிப் பகுதியில், இவ்வாறு பல ஊர்ச் சபைகளை ஒரு குருவானவரின் கீழ் இணைத்த அமைப்பைச் ‘சேகரம்’ என்று வழங்குகின்றனர்.

உபதேசியார் பெரும்பாலும் கிராமப் பாடசாலையின் ஆசிரியருமாவார். திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பார். மாலையில் நோயாளியின் வீட்டுக்குச் செல்வார். இரவிலே கடிதம் எழுத அறியாத தாய்க்கு மலாயாவிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார். ஞாயிறன்று வழிபாட்டை நடத்துவார். 1860களில் ஜோன் ஹென்ஸ்மன், எலியா ஹூல், ஜோர்ஜ் சாம்பியன் ஆகிய யாழ்ப்பாணத்தார் குருப்பட்டம் பெற்றனர். அதன்பின் ஐயரும் ஊராராயினர், உபதேசியாரும் ஊராராயினர். அத்தியட்சர் மட்டுமே தொலைவில் இருந்தார். 1845ஆம் ஆண்டில் கொழும்பு அத்தியட்சாதீனம் அமைந்தது. வடபகுதி இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டில் முழுமை பெறும் வரையில், அத்தியட்சர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பிள்ளைகளைத் திடப்படுத்துவது நெடும் பயணமாகவே இருந்தது.

அடுத்தது பொருள். 1881ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் திருச்சபைக்கு அளித்துவந்த ஆதரவை நீக்கும் சட்டத்தை இயற்றியது. கிராமத்தார்க்கோ பொன்னும் பணமும் அரிது. அவர்களிடம் இருந்தவை அரிசியும், தோட்டமும், பனையுமே. வீட்டுத் தலைவி அன்றாடம் உலையிலே அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிலே போடுவாள். அதுவே பிடியரிசி. வாரமுடிவில் அதைக் கோவிலுக்குக் கொண்டு செல்வாள். சைவ நிலையங்களுக்கும் நம் பெண்கள் இவ்வாறே பிடியரிசி சேர்த்துத் தந்துள்ளனர். ஆகவே இது மேலைநாட்டு வழக்கமன்று, நம் மண்ணின் வழக்கமே. அறுப்பின் பண்டிகை வந்தால் நெல், வெங்காயம், வாழைக்குலை, முருங்கைக்காய், பனாட்டு, ஒடியல் எல்லாம் பீடத்தின்முன் குவியும். வழிபாடு முடிந்ததும் அவற்றை முற்றத்திலே ஏலங்கூறுவார்கள். ஒரு பூசணிக்காய் கடைவிலையைப்போற் பல மடங்கு விலைபோகும். அயலிலுள்ள சைவ நண்பரும் விலைகேட்பார். வாங்கியவரே அதனை மீண்டும் ஏலத்துக்கு விடுவதுமுண்டு. அந்தச் சிரிப்பின் நடுவே கூரைத் திருத்தத்துக்கு வேண்டிய தொகை சேர்ந்துவிடும்.

பெண்களின் தொண்டு அரிசிப் பிடியோடு முடிந்ததன்று. 1876ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மேரி சம்னர் அம்மையார் தொடங்கிய தாய்மார் சங்கம் இலங்கைக்கும் வந்து, வீட்டுக்குள் நின்ற பெண்கள் ஒன்றுகூடிப் பேசவும் கணக்கு வைக்கவும் இடமளித்தது. வீடு வீடாகச் சென்று வேதத்தையும் எழுத்தையும் ஒருங்கே கற்பித்த வேதப் பெண்கள் ஊரின் சுகதுக்கங்களை ஐயரிலும் நன்கறிந்திருந்தனர். 2006ஆம் ஆண்டு முதல் இலங்கைத் திருச்சபையிலே பெண்களும் குருப்பட்டம் பெறுகின்றனர். கிராமச் சபையின் சுமையை நெடுங்காலமாகத் தாங்கியோர் யார் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இச்சிறு சபைகளிலிருந்து உலகம் கற்ற பாடமும் உண்டு. 1902ஆம் ஆண்டில் திருநெல்வேலியைச் சேர்ந்த வே. சா. அசரியா என்னும் இளைஞர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். இங்குள்ள கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்திலே, தம்மவரையே, தென்னிந்தியாவின் தொண்டிப் பகுதிக்கு ஊழியராக அனுப்பியிருப்பதைக் கண்டு அவர் நாணமும் ஊக்கமும் கொண்டார். மறு ஆண்டிலே திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றியது. அதே அசரியா 1912ஆம் ஆண்டில் தோர்ணக்கல் அத்தியட்சராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்னும் சிறப்பைப் பெற்றார். அங்கே அவர் கிராம ஆசிரியர்களையே சபைகளின் தூண்களாக்கினார். அந்த 1912ஆம் ஆண்டிலேயே, சீனாவிற் பணிசெய்து திரும்பிய ரோலண்டு அலன் என்னும் ஆங்கிலக் குருவானவர், வெளியாரின் பணத்திலும் ஆளிலும் தங்கிநிற்கும் சபை வேரூன்றாது என்று ஒரு நூலிலே வாதிட்டார். இங்கிலாந்திலும் குருமார் குறைந்தபோது, 1949ஆம் ஆண்டளவில் லிங்கன்சயர் நாட்டுப்புறத்திலே தென் ஓம்சுபி என்னுமிடத்தைச் சூழ்ந்த பல சிறு கோவில்களை ஒரு குழுவாக்கினர். செல்வமுள்ள நாடு பின்னாளிலே தேடிக்கொண்ட வழியை, யாழ்ப்பாணத்து ஏழைக் கிராமங்கள் தேவையினால் முன்னரே கைக்கொண்டிருந்தன.

கிராமச் சபைகளைத் தாக்கிய முதற் பேரலை சட்டத்தின் வழியாக வந்தது. 1960ஆம் 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சாதி சமய வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைக்கவேண்டும் என்ற நோக்கத்தைக் குறைகூற முடியாது. சைவப் பாடசாலைகளும் அவ்வாறே கைமாறின. பரியோவான் கல்லூரி போன்ற சில பெரிய நிலையங்கள் தனித்து நின்றன. சிறு கிராமப் பாடசாலைகளுக்கோ அது இயலவில்லை. ஆசிரியரும் உபதேசியாருமாக ஒருவரே இருந்த நிலை மாறிற்று. ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்கச் சபையிடம் பணமில்லை. வாரத்தில் ஆறு நாளும் பிள்ளைகளின் குரல் கேட்ட வளவிலே, ஞாயிறு காலை மட்டும் மணியோசை கேட்டது.

இரண்டாவது அலை போர். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். கீரிமலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஆளின்றிப் போயின. நகுலேஸ்வரமும் அவ்வாண்டிலே குண்டுவீச்சுக்கு இலக்காகியது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவில் நல்லூர், கோப்பாய், சுண்டுக்குளி உட்பட வலிகாமம் முழுவதுமே ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றது. சைவக் கோவிலும் கிறிஸ்தவக் கோவிலும் பள்ளிக்கூடமும் வேறுபாடின்றி அடைக்கலமாயின. மறு ஆண்டில் பலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அவர்தம் பிள்ளைகள் வாழ்கின்றனர். வடகரை நிலங்களோ 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே படிப்படியாக விடுவிக்கப்பட்டன.

எல்லை இருந்தும் ஆளில்லாத கோயிற்பற்றை யாழ்ப்பாணம் இவ்வாறு இரண்டாம் முறையும் கண்டது. முதன்முறை, கட்டாயம் நீங்கியதும் ஆட்கள் தாமே விலகினர், திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை, கட்டாயத்தினால் ஆட்கள் விரட்டப்பட்டனர். வழி திறந்ததும் திரும்பி வந்து துடைப்பத்தைக் கையிலெடுத்தனர். ஒல்லாந்தர் காலத்துப் பெருங்கோவிலுக்கு இல்லாத உயிர் இந்தச் சிறு கோவிலுக்கு இருந்ததன் காரணம் இதுவே. முன்னையது தோம்பினாலும் தண்டத்தினாலும் நின்றது. பின்னையது பிடியரிசியினால் நின்றது. தாமே நாளும் ஒரு பிடி கொடுத்துக் கட்டிய ஒன்றை மனிதர் எளிதிற் கைவிடுவதில்லை.

இன்று எழும் வினா கடினமானது. ஞாயிறு வழிபாட்டுக்குப் பத்துப் பன்னிருவரே வரும் கோவிலை மூடிவிட்டு, எல்லாரையும் நகரத்துப் பெரிய கோவிலுக்கு வரச்சொல்வதே சிக்கனம் என்று கருதுவோர் உளர். கணக்கின்படி அது சரியே. ஆயினும் அந்தப் பன்னிருவருள் முதியோர் எத்தனைபேர், பேருந்தேற முடியாதோர் எத்தனைபேர் என்பதையும் எண்ணவேண்டும். ஊர்க்கோவில் மூடப்பட்டால் அவர்கள் நகரத்துக் கோவிலுக்குச் செல்வதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவர். சபை பெருகுவதற்கு மாறாகப் பன்னிருவராற் குறையும். அயலவர்க்கும் ஓர் இழப்பு நேரும். சாவீட்டிலே முதலில் வந்து நிற்பவர், திறப்பை வைத்திருப்பவர், யாருடைய பேரன் எங்கே இருக்கிறான் என்று அறிந்தவர் ஊரில் இல்லாமற் போவார்.

செய்யத்தக்கவை பழைய வழக்கத்திலேயே உள்ளன. ஊரிலுள்ள இருவரையோ மூவரையோ தேர்ந்து காலைச் செபத்தை நடத்தப் பயிற்றலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பெண்களும் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். 1947ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தனித்து நின்றனர். நிருவாகம் வேறாயிருப்பினும், ஒரே ஊரில் இரண்டு சிறு கோவில்கள் ஒரு மண்டபத்தையும் ஓர் அறநெறி வகுப்பையும் பகிர்ந்துகொள்வதற்குத் தடையில்லை. பாடசாலை நடந்த வளவிலே மாலை வகுப்போ சிறு நூலகமோ எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் நடத்தலாம்.

இவை யாவற்றிலும் அவசரமானது பதிவேடுகளைப் பேணுவதாகும். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்னும் மூன்று ஏடுகளில் ஒரு கிராமத்தின் பல தலைமுறை வரலாறு அடங்கியுள்ளது. புலம்பெயர்ந்த பேரப்பிள்ளை தன் பாட்டனின் பெயரைத் தேடி வரும்போது, ஊரிலே வீடும் இல்லை, வேலியும் இல்லை, சாட்சிக்கு ஆளுமில்லை என்ற நிலையில், அந்த ஏடொன்றே விடை கூறும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, ஒரு படி மட்டுமே உள்ள ஏட்டின் கதி என்னவாகும் என்பதைக் கண்கூடாகக் கண்ட சமூகம் நாம். சிதலும் ஈரமும் தீயைப்போல் ஒரே இரவிற் செய்யாவிடினும், அதே காரியத்தைச் சில ஆண்டுகளிற் செய்து முடிக்கும். ஒவ்வோர் ஏட்டையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியை ஊரிலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைப்பதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. படிக்க அறிந்த இரண்டு இளைஞரும், சில விடுமுறை நாட்களும், அந்த ஏடு தம்முடையது என்னும் எண்ணமும் போதும். பிடியரிசிப் பானையைப் போலவே, இதுவும் நாளுக்குச் சிறிதாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.